கழலும் அம்பு

பெருவிலங்கு வேட்டையைப் பற்றிய பழைய நூல்களில் தோட்டாவைத் தேர்வது குறித்து நீண்ட விவாதங்கள் உண்டு. யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு உருக்குலையாமல் ஆழத் துளைக்கும் திண்தோட்டா. புலி, சிறுத்தைக்கு உடலுள் புகுந்ததும் விரியும் மென்முனைத் தோட்டா. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையின் பெயரைப் பெற்ற விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடுத்தது. வேட்டையிலோ அதே வகைத் தோட்டா இரக்கத்தின் பெயரால் பரிந்துரைக்கப்பட்டது. அடிபட்ட விலங்கு தப்பியோடி, துடித்துத் துடித்துச் சாகக் கூடாது என்பதே சொல்லப்பட்ட நியாயம்.

அந்தமான் காட்டின் வேடர்களும் இதே சிக்கலை எதிர்கொண்டவர்கள்தாம். அங்கே புலி இல்லை; வேட்டைக்குரிய பெரிய நிலவிலங்கு காட்டுப்பன்றி. காயம்பட்ட பன்றி திரும்பித் தாக்கும். இல்லையேல் சில நொடிகளில் அடர்ந்த புதருக்குள் மறைந்துவிடும். அந்தமானியர் அம்பில் நஞ்சு தடவுவதில்லை, இறகும் கட்டுவதில்லை. ஆகவே பன்றிக்கென்று தனி அம்பு செய்தனர். இரும்பு முனையும் அதன் பின்முட்களும் ஒரு குறுங்கட்டையில் கட்டப்பட்டிருக்கும். அக்கட்டை அம்புத்தண்டின் துளையில் செருகியிருக்கும். இரண்டையும் ஒரு முறுக்குக் கயிறு இணைக்கும். அம்பு தைத்துப் பன்றி ஓடும்போது முனை உடலில் தங்க, தண்டு கழன்று கயிற்றின் நுனியில் இழுபடும். கொடியிலும் வேரிலும் சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும். விசையால் வெல்ல முடியாததைக் காட்டைக்கொண்டே வென்ற உத்தி இது. மீனுக்கு வேறு அம்பு. இரும்பும் பெரும்பாலும் உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்தது. உருக்காமல் தட்டித் தட்டியே முனையாக்கினர்.

1883இல் எட்வர்ட் ஹோரஸ் மான் இவ்வகை அம்புகளை அவற்றின் உள்ளூர்ப் பெயர்களோடு விவரித்தார். அவர் திரட்டிய பொருள்கள் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. பெயரிட்டவர்களோ அருகிவிட்டனர். ஆங்கிலேயக் குடியேற்றத்தோடு வந்த நோய்களால் பெருஅந்தமானியர் சரிந்து, 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராயினர். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா 2010 சனவரியில் மறைந்தார்.

அன்விதா அப்பியின் ஆய்வுகள் காட்டுவதுபோல், பெருஅந்தமானிய மொழியில் உறுப்புப் பெயர் தனித்து வருவதில்லை. உடலின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை உணர்த்தும் முன்னொட்டு அதனுடன் ஒட்டியே வரும். உடலை இவ்வளவு நுட்பமாகப் பகுத்த இலக்கணத்தில், அம்பு எங்கே தைத்தது என்று வேடன் எவ்வாறு சொல்லியிருப்பான்? கண்ணாடிப் பேழையிலுள்ள அம்பை அளக்கலாம், வரையலாம், மறுபடி செய்தும் பார்க்கலாம். வேட்டை முடிந்த மாலையில் அதைப்பற்றிச் சொல்லப்பட்ட கதையை மறுபடி செய்ய வழியில்லை. பொருளைச் சேகரித்த வேகத்தில் பேச்சையும் சேகரிக்காததன் விலை இது. மொழி ஆவணமாக்கம் ஆடம்பரமா என்று கேட்போர், ஒரு முறையேனும் அந்தப் பேழையின் முன் நின்று பார்க்க வேண்டும்.