மாமாவின் வீடு

தோழியரே, கால்வாய் என்றதும் உங்களுக்குப் பாளையங்கால்வாய்தான் நினைவுக்கு வரும். 2024 மே மாதம் வரை எனக்கும் அப்படித்தான். அந்த விடுமுறையில் ஆச்சியும் நானும் இங்கிலாந்திலுள்ள என் தாய்மாமாவைக் காணச் சென்றோம். புறப்படுமுன் அம்மா என்னைத் தனியே அழைத்து, "ஆச்சியிடம் நீயாக எதுவும் சொல்லாதே, மாமாவே சொல்லட்டும்" என்றார்கள். அந்த இரகசியத்தை விமானத்தில் பத்து மணி நேரத்திற்கு மேல் சுமந்தேன். ஆச்சியோ, "என் மகன் வீட்டு வாசல்லயே தண்ணி ஓடுதாம்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

மாமா சொன்னது பொய்யல்ல. வாசலில் தண்ணீர் ஓடியது, பின்பக்கமும் ஓடியது. ஏனென்றால் வீடே ஒரு படகு! எல்லஸ்மியர் என்ற சிற்றூரின் அருகே கரையில் கட்டப்பட்டிருந்தது. 57 அடி நீளம், அகலமோ ஏழடிக்கும் சற்றுக் குறைவு. அக்கால்வாயின் லாக்குகள் ஏறத்தாழ ஏழடி அகலமே என்பதால் படகுகளையும் அப்படியே கட்டினார்களாம். 'நாரோபோட்' என்பது அதன் பெயர். இரயில் பெட்டியைப் பாதி அகலத்திற்கு நறுக்கித் தண்ணீரில் விட்டால் எப்படியோ அப்படி.

ஆச்சி கரையிலேயே நின்றார்கள். "வீடு எங்கய்யா?" என்றார்கள். மாமா தலை குனிந்தபடி, "இதாம்மா" என்றார். 2019இல் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டு, கடன் கட்ட முடியாமல் வீட்டை விற்று, மீந்த பணத்தில் இப்படகை வாங்கி, இப்போது மற்றவர் படகுகளின் டீசல் எஞ்ஜின்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறார். ஐந்து வருடங்களாக இதை மறைத்திருக்கிறார். ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், எனக்கும் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றும் மறுநாளும் எங்கள் இருவரிடமும் அவர்கள் பேசவில்லை.

பேசாவிட்டாலும் படகில் வேலை ஓயாது. தண்ணீர்த் தொட்டியைக் குழாய் இருக்கும் இடம் பார்த்து நிரப்ப வேண்டும். எரிவாயு தீருமுன் சிலிண்டர் வாங்க வேண்டும். மே மாதத்திலும் இரவில் குளிர்ந்ததால் சிறிய இரும்பு அடுப்பில் நிலக்கரி போட வேண்டும். கழிப்பறைப் பெட்டியை அதற்கென்று உள்ள இடத்திற்குத் தூக்கிச் சென்று கொட்டிக் கழுவ வேண்டும். (இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதாவிட்டால் உண்மையாகாது.) நிரந்தரத் துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. அதைக் கேட்டதும்தான் ஆச்சி வாய் திறந்தார்கள்: "பதினாலு நாளுக்கு ஒருக்க விரட்டுவாங்களா? நம்ம ஊருக்கு வந்துருய்யா." மாமா பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் லாங்கோலன் நோக்கிப் புறப்பட்டோம். மணிக்கு நான்கு மைல்தான் உச்ச வேகம். நாங்கள் அதற்கும் குறைவாகவே போனோம். கரையில் நாயோடு நடந்த ஒரு தாத்தா எங்களை முந்திவிட்டார். பழைய நாட்களில் குதிரைகள் கரையில் நடந்து இப்படகுகளை இழுத்தன. நிலக்கரி ஏற்றிய படகின் கடைசியில் பத்தடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. ஓயாத பயணத்தால் பிள்ளைகளில் பலர் எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார்கள். மாமா இதைச் சொன்னபோது, தேர்வைப் பற்றி முணுமுணுக்கும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சர்க் என்ற ஊரில் சுமார் 420 மீட்டர் நீளச் சுரங்கம். ஒரு படகுதான் நுழையலாம். எதிரில் விளக்குத் தெரிந்தால் காத்திருக்க வேண்டும். அதற்கப்பால் பொன்ட்கசில்த்தே என்ற நீர்ப்பாலம். 1805இல் திறக்கப்பட்டது, 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 307 மீட்டர் நீள இரும்புத் தொட்டியில் கால்வாய் நிற்க, 38 மீட்டர் கீழே டீ ஆறு ஓடுகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை! தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது, அப்புறம் வானம்தான். ஆச்சி கண்ணை மூடி ஜெபமாலை சொன்னார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில்தான் என் தவறு நிகழ்ந்தது. நியூ மார்ட்டன் என்னுமிடத்தில் இரண்டு லாக்குகள். லாக் என்பது இருபுறமும் கதவுள்ள கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் தண்ணீரை வடித்தால் படகும் மெல்லக் கீழிறங்கும். மேல்கதவின் அடியில் ஒரு கல்திண்ணை நீருக்குள் மறைந்திருக்கிறது. அது எதுவரை என்பதற்குச் சுவரில் வெள்ளைக்கோடு உண்டு. படகின் வால் அக்கோட்டிற்குப் பின்னே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சுக்கானை என்னிடம் தந்துவிட்டு, மாமா கீழ்க்கதவின் அடைப்பைத் திறக்கப் போனார். நானோ கரையில் தாயின் பின்னே ஓடிய வாத்துக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு என்று எண்ணி முடிக்கையில் காலடியில் 'கரகர' என்று சத்தம். வால் திண்ணைமேல் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டே போயிற்று. உள்ளே தட்டுகள் சரிந்தன. சில நிமிடங்களில் இப்படி மூழ்கிய படகுகள் உண்டாம்.

என்னால் கத்தவும் முடியவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆச்சிதான், "ஐயா! ஐயா!" என்று அலறினார்கள். மாமா ஒரே கணத்தில் அடைப்பை விழவிட்டு, வழுக்கும் கல்லில் ஓடி வந்து, மேல்கதவின் அடைப்பைக் கைப்பிடி போட்டுச் சுழற்றினார். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. படகு மெதுவாக, மிக மெதுவாக, நிமிர்ந்தது.

திட்டுவார் என்று நின்றேன். "உன்னைத் தனியா விட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அவர் கை நடுங்கியது. ஆச்சி அந்தக் கையைப் பிடித்து வெகு நேரம் வைத்துக்கொண்டு, கடைசியில், "இது முங்கியிருந்தா உனக்கு வேற ஒண்ணும் இல்லையேய்யா" என்றார்கள். "இல்லம்மா. அதான் முங்க விட மாட்டேன்" என்றார் மாமா. அன்றிரவு சரிந்த தட்டுகளை ஆச்சியே கழுவி அடுக்கி, ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பார்த்து, குளிர்காலத்திற்கு எத்தனை மூட்டை நிலக்கரி வேண்டும் என்று கேட்டார்கள். ஊருக்கு வா என்ற பேச்சு அப்புறம் எழவில்லை. நான் மறைத்ததை மட்டும் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஏதாவது சொன்னால், "நெசமாத்தானா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்கள்.

அங்கே கால்வாய்ப் பாலங்களுக்கெல்லாம் எண் உண்டு. மாமா படகை நகர்த்தும் போதெல்லாம் தொலைபேசியில் எண்ணைச் சொல்ல, ஆச்சி அதை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து பதினான்கு நாள் எண்ணி ஒரு வட்டம் போடுகிறார்கள். சென்ற வாரம் பால்காரர் மகனைப் பற்றி விசாரித்தார். "அவனுக்கென்ன, இப்ப நாப்பதாம் பாலத்துக்கிட்ட இருக்கான்" என்றார்கள் ஆச்சி.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு