காற்றை அளக்கும் சாலை

பெங்களூருக்குச் செல்பவர்கள் லால்பாக்கைப் பார்க்கிறார்கள். கப்பன் பூங்காவில் உலாவுகிறார்கள். மைசூர்ப்பாகு வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். யசுவந்தபுரத்துக்குச் சமீபத்தில், வனம்போல் மரங்கள் அடர்ந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தை எட்டிப் பார்ப்பவர் சிலரே. வருஷத்தில் ஒரு நாள் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அத்தினத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் சென்றோம்.

1898-ம் வருஷக் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாடாவின் திட்டம் கர்ஸன் பிரபுவின் முன் வைக்கப்பட்டது. இதில் படிக்க மாணவர் வருவார்களா, படித்தவர்களுக்கு உத்தியோகம் கிடைக்குமா என்று பிரபு சந்தேகித்தார். டாடாவோ 1904-ல் காலமானார். ஆயினும் அவர் எழுதிவைத்த சொத்தும், மைசூர் சமஸ்தானம் அளித்த 371 ஏக்கர் நிலமும் சேர்ந்து 1909-ல் கழகம் உதயமாயிற்று.

விமான என்ஜினீயரிங் இலாகா 1942-ல், யுத்தத்தின் நடுவே தோன்றியது. அங்குள்ள பெரிய காற்றுச் சுரங்கத்தின் சோதனைப் பகுதி 14 அடி அகலம், 9 அடி உயரம். விமானம் காற்றைக் கிழித்துச் செல்வதும், அசையாமல் நிற்கும் விமானத்தின்மேல் காற்று பாய்வதும் கணக்கில் ஒன்றே. ஆகையால் சிறு மாதிரியைத் தராசில் பொருத்தி, விசிறிகளால் காற்றை இழுக்கிறார்கள். மேலே தூக்கும் விசை எவ்வளவு, பின்னுக்கு இழுக்கும் விசை எவ்வளவு என்று தராசு சொல்லிவிடுகிறது.

“விமானத்தையே பறக்கவிட்டுப் பார்த்தால் போதாதா, ஸார்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“கணக்குத் தப்பினால் ஓட்டுகிறவர் உயிரல்லவா போகும், தம்பி?” என்றார் அங்கிருந்த ஆராய்ச்சியாளர். பையன் அதன் பிறகு தராசை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

1951-ல் இங்கே வந்து சேர்ந்த ஸதீஷ் தவன், ஒலியைவிட வேகமான காற்றை ஆராய ஒரு சுரங்கம் நிர்மாணித்தார். அதன் சோதனைப் பகுதி ஓர் அங்குலத்துக்கு மூன்று அங்குலந்தான், உள்ளங்கையால் மூடிவிடலாம்! அந்த அநுபவம் வீண்போகவில்லை. 1967-ல் இதே நகரத்துத் தேசிய விமான ஆராய்ச்சிசாலையில் நான்கடிச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. நம் ராக்கெட்டுகளின் மாதிரிகள் அங்கே காற்றுக்குப் பரீட்சை கொடுத்திருக்கின்றன.

பிறர் செய்த யந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். அது ஏன் பறக்கிறது, எப்போது விழும் என்ற ஞானத்தை எந்தக் கடையில் வாங்குவது? அதை நாமே அங்குலம் அங்குலமாகச் சம்பாதிக்க வேண்டியதுதான். அடுத்தமுறை பெங்களூர் செல்லும் நேயர்கள் குழந்தைகளை இங்கேயும் அழைத்துச் செல்வார்களாக! கர்ஸன் பிரபுவின் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் வேறில்லை.