ரெண்டு ஃப்ரேம் முன்னாடி

இப்போது கல்யாணத்துக்குப் போட்டோ, வீடியோ பேசப் போனால் கையில் ஒரு கொட்டேஷன் தருகிறார்கள். கேண்டிட், டிரோன், எல்.இ.டி. வால், கரிஷ்மா ஆல்பம் எல்லாவற்றுக்கும் நேரே ஒரு தொகை போட்டிருக்கும். கடைசியில், போட்டோ போட்ட காபி மக்குக்கும் காலண்டருக்கும் நடுவில், 'ஸ்லைடுஷோ - இலவசம்' என்று ஒரு வரி. கும்பகோணத்தில் வீடியோ மிக்ஸிங், அதாவது எடிட்டிங் வேலை செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். அந்த வரி எனக்கு வயிற்றெரிச்சல்.

சமீபத்தில் ஒரு மாப்பிள்ளையின் தம்பி கேட்டார்: "என்னண்ணே, போட்டோவ செலக்ட் பண்ணி பாட்டப் போட்டா ஃபோனே பண்ணிடுது. இதுக்குப் போய் ரெண்டு நாள் கேக்குறீங்க?" அவர் கேட்டதில் தப்பில்லை. தொழிலில் இருக்கிற நாங்களே அதைக் கொசுறாக்கிவிட்ட பிறகு வெளியாளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான் தொழில் பழகியது எடிட்டிங் சாஃப்ட்வேரில் பினாக்கிள் போய் எடியஸ் வந்துகொண்டிருந்த சமயம். கேப்சர் கார்டு, மினி டிவி டேப், ராத்திரி முழுக்க ரெண்டர், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். எனக்கு வாய்த்த மாஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் லைட் மியூசிக் குழுவில் தபேலா வாசித்தவர். கச்சேரிகள் குறைந்ததும் மிக்ஸிங்குக்கு வந்தவர். கீபோர்டில் அவருக்குத் தெரிந்த கீ பத்துகூடத் தேறாது. ஆனால் அவர் செய்த ஸ்லைடுஷோவை மண்டபத்தில் ஓட்டினால், பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

போட்டோக்களை இம்போர்ட் செய்யவே விடமாட்டார். "மொதல்ல பாட்ட எழுது" என்பார். ஒரு லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு, முன் இசை எத்தனை ஆவர்த்தம், பல்லவி எங்கே எடுக்கிறது, முதல் பி.ஜி.எம்.மில் வயலின் எங்கே விடுகிறது, புல்லாங்குழல் எங்கே வாங்குகிறது, சரணத்தில் பாடகர் எங்கெங்கே மூச்சு எடுக்கிறார் என்று எழுத வேண்டும். மானிட்டரை அணைத்துவிடுவார். காதில் ஹெட்ஃபோன், கையில் பென்சில். எழுதி முடித்ததும் பாட்டை மறுபடி ஓட விட்டு, மார்க்கர் கீயை மட்டும் தட்டிக்கொண்டே வரச் சொல்வார். தட்டுகிற சத்தத்தைக் கேட்டே, "பிந்துற, பிந்துற" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய இடது கை விரல்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

எம்.பி.3 ஃபைலை நேராக டைம்லைனில் போட்டால் அடி விழும். வேரியபிள் பிட்ரேட்டில் இருக்கும் எம்.பி.3 அந்த நாள் சாஃப்ட்வேர்களில் போகப்போக நழுவும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக மாற்றிய பிறகுதான் மார்க்கர். இன்றைக்கும் நான் அப்படித்தான்.

கால அளவு போட்டால் போதாதா, ஏன் கையால் தட்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு 110 அடி ஓடுகிற பாட்டு. நாலு அடிக்கு ஒரு போட்டோ. நமக்கு நொடிக்கு 25 ஃப்ரேம். அப்படியானால் ஒரு போட்டோவுக்கு 54.5 ஃப்ரேம். அரை ஃப்ரேமை எங்கே வைப்பது? 54 என்று பொதுவாகக் கொடுத்து அடுக்கிக்கொண்டே போனால், இருபத்தைந்து போட்டோ தாண்டும்போது பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு முழு அடி இடைவெளி வந்துவிடும். அதுவும் பாட்டு கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடினால்தான் இந்தக் கணக்கு. கல்யாண வீடுகளில் விரும்பிக் கேட்கிற எழுபது, எண்பதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் உட்கார்ந்து ஒன்றாக வாசித்தவை. மனுஷன் வாசித்த பாட்டு பி.ஜி.எம்.மில் ஒரு நூல் முந்தும், சரணத்தில் ஒரு நூல் தணியும். எந்தக் கணக்கும் அங்கே உதவாது. காதுதான்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த விஷயம். மார்க்கர் அடியில் சரியாக விழுந்திருக்கும். கட்டும் மார்க்கரிலேயே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் படம் பிந்தின மாதிரியே தெரியும். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பிசகு தெரியாது. மாஸ்டர் ஒரே வரியில் முடித்தார்: "கண்ணு காதவிடச் சோம்பேறிடா. ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வை." எல்லாக் கட்டையும் ரெண்டு ஃப்ரேம் முன்னால் இழுத்தேன். படம் அடியில் போய் உட்கார்ந்தது. சத்தத்தை மனசு சட்டென்று வாங்கிக்கொள்ளும், புதுப் படத்தைக் கண் அடையாளம் காண ஒரு கணம் கூடப் பிடிக்கும். அந்தக் கணத்தை நாம்தான் முன்பணமாகக் கொடுக்க வேண்டும்.

கட்டுக்கு இது. டிசால்வுக்கு இன்னும் சிக்கல். ஒரு நொடி டிசால்வ் என்றால் அதில் அடி எந்த இடத்தில் விழ வேண்டும்? டிசால்வின் நடுவில் என்பது சாஃப்ட்வேரின் நினைப்பு. நடு இடத்தில் பழைய முகமும் புது முகமும் பாதிப் பாதி கலந்து, பெண்ணின் நெற்றியில் மாமனார் மீசை இருக்கும். அடி விழும்போது புது முகம் முழுசாக வந்து நிற்க வேண்டும் என்பார் மாஸ்டர். டிசால்வ் மொத்தத்தையும் அடிக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். எல்.இ.டி. வால் வந்த பிறகு இதிலும் ஒரு தொல்லை. அதன் பிராசஸர் படத்தைச் சில ஃப்ரேம் தாமதமாகக் காட்டும், ஸ்பீக்கருக்குப் போகிற பாட்டு நேராகப் போய்விடும். மண்டபத்துக்கு ஓட்டுகிற ஃபைலைத் தனியாக, இன்னும் கொஞ்சம் முந்த வைத்து எடுக்க வேண்டும். எத்தனை பேர் எடுக்கிறார்கள்?

அடுத்தது எடுப்பு. எல்லாப் பாட்டும் சமத்தில் எடுப்பதில்லை. தாளம் விழுந்து அரை இடம் தள்ளி வார்த்தை ஆரம்பிக்கிற பல்லவிகள் நம்மிடம் ஏராளம். அங்கே போட்டோவைத் தாளத்துக்கு மாற்றுவதா, வார்த்தைக்கு மாற்றுவதா? பாடகர் பாடும்போது வார்த்தைக்கு, பி.ஜி.எம்.மில் தாளத்துக்கு என்பது மாஸ்டர் வழக்கம். திஸ்ர நடையில் போகிற பாட்டு வந்தால் மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஃபோனில் வருகிற டெம்ப்ளேட்டுகளில் நான் பார்த்தவை எல்லாம் நாலுக்கு அடித்தவை. ஊஞ்சலுக்குப் பாடுகிற மாதிரி மூன்றில் அசைகிற பாட்டை அதில் போட்டால், படம் ஒரு பக்கம் ஆடும், பாட்டு ஒரு பக்கம் ஆடும். பிள்ளைகளுக்கு அது உறுத்துவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

யூடியூபில் போட்டால் கிளெய்ம் வருகிறது என்று இப்போது பலர் சினிமாப் பாட்டையே விட்டுவிட்டார்கள். யாரும் உரிமை கேட்காத ஏதோ ஒரு பியானோ. காரைக்கால் கல்யாணத்துக்கும் கரூர் கல்யாணத்துக்கும் ஒரே பியானோ.

படம் நகர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் 1990இல் 'தி சிவில் வார்' தொடரில் பழைய போட்டோக்களின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்திக் கதை சொன்னார். அவருக்கும் முன்னோடி 1957இல் கனடாவில் வந்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' குறும்படம். 2003இல் ஆப்பிள் ஐமூவியில் கென் பர்ன்ஸ் பெயரிலேயே ஓர் எஃபெக்ட் வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரு போட்டோ ஜூம் இன், அடுத்தது ஜூம் அவுட், அதற்கடுத்தது மறுபடி இன். ஏன் நகர்கிறது என்று கேட்க ஆளில்லை. இப்போது ஆப் தானாகவே முகத்தைக் கண்டுபிடிக்கிறதாம். பிடிக்கட்டும். குரூப் போட்டோவில் முப்பது முகம் இருக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து இந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்து நிற்கிற பெரியப்பா எந்த முகம் என்று அதற்கு யார் சொல்வது?

நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அறுபதாம் கல்யாண ஸ்லைடுஷோ என்றால் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு போட்டோவிலும் யார் யார் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். ஒரு கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ. பின்வரிசை ஓரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. இன்றைக்கு மாலை போட்டுக்கொள்ளப் போகிற அம்மாவின் தங்கை, இப்போது இல்லை. அந்தச் சிறுமியிடம் ஆரம்பித்து, நடுவில் நிற்கும் அக்காவரை கீஃப்ரேம் வைத்தேன். ஒன்பது நொடி. வேகமான பி.ஜி.எம். ஓடுகிற இடத்தில் அதை வைக்க முடியாது, சரணத்தின் நீளமான இழுப்பு வரும் இடத்தில்தான் வைக்க முடியும். அதற்காக முன்னால் இருந்த பதினோரு போட்டோவையும் இடம் மாற்றினேன். தனி முகத்துக்கு ரெண்டு நொடி தாராளம். முப்பது முகத்துக்கு ஆறு நொடிகூடப் பற்றாது. எல்லாவற்றுக்கும் மூன்று நொடி என்று முதலிலேயே முடிவு செய்துகொண்ட டெம்ப்ளேட்டிடம் இதை எப்படிப் பேசுவது?

டிவிடி காலத்தில் பட்டுப்புடவை எங்களைப் படுத்தியதும் இந்த மெதுவான நகர்வில்தான். பால் சிஸ்டத்தில் 576 கோடு, அதையும் ஒற்றைப்படை இரட்டைப்படையாக மாற்றி மாற்றிக் காட்டும் பழைய டிவி. ஜரிகைக் கட்டத்தின் கோடு ஒரு வரியைவிட மெல்லியதாகப் போனால், போட்டோ நகரும்போது புடவை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி மினுமினுக்கும். முகத்தை விட்டுவிட்டு, புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, மேலும் கீழுமாகத் துளி பிளர் கொடுப்போம். ஜரிகை மங்கிவிட்டது என்று பெண் வீட்டார் சொல்லாத அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மானிட்டரில் இது தெரியாது, டிவியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இன்றைய டிவிகளில் அந்தத் தொல்லை போய்விட்டது. நல்லதுதான், வருத்தமில்லை.

வரிசை இன்னொரு தலைவலி. ரெண்டு கேமராவில் எடுத்த போட்டோக்களை நேரப்படி அடுக்கினால், ஒரு கேமராவின் கடிகாரம் இருபது நிமிஷம் பிந்தியிருக்கும். தாலி கட்டின பிறகு மாப்பிள்ளை காசியாத்திரை போவார். ஃபைல் எண்ணை நம்பினாலும் 9999க்குப் பிறகு 0001 வந்து ரிசப்ஷனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். தாலி ஏறுகிற போட்டோ எந்தக் கேமராவிலும் தவறாமல் இருக்கும். அதை வைத்து ரெண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடித்து மற்றதைச் சரி செய்வோம். இது எந்த மேனுவலிலும் போட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்கு வருகிற பையன்கள் கெட்டிக்காரர்கள். ஷார்ட்கட் எல்லாம் என்னைவிட வேகம். பாட்டை எழுது என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். "பீட் டிடெக்ட் இருக்குண்ணே" என்கிறார்கள். இருக்கிறது. டிரம்ஸ் அடித்தால் கண்டுபிடிக்கும். வெறும் தம்புராவும் குரலுமாக ஆரம்பிக்கிற பாட்டில் அது என்ன கண்டுபிடிக்கும்?

கடைசியாக வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள், அதில் தாத்தாவின் தலைக்கு மேல் பேட்டரி எத்தனை சதவீதம் என்று தெரிகிறது. பழைய ஆல்பம் இருந்தால் ஆல்பத்தோடு வாருங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவை நீங்களாகப் பிய்க்க வேண்டாம், பாதி முகம் பக்கத்தோடு போய்விடும். அப்படியே கொண்டுவந்தால் ஸ்கேன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குத் தனிக் காசு.