அப்பாவின் டாக்ஸியில் வெட்டிவேர் வாசம்

அப்பா சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். போன மே மாதம் அவர் போனில் ஆப் அப்டேட் செய்துகொண்டிருந்தபோது ஒரு பயணியின் கமென்ட் கண்ணில் பட்டது. டிரைவர்மேல் வியர்வை நாற்றமாம். ஒரே ஒரு ஸ்டார். அப்பா இதைப் பற்றி வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. அந்த வாரம்தான் அவர் திடீரென பாடி ஸ்பிரே அடிக்க ஆரம்பித்திருந்தார். ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டி.வி விளம்பரத்தில் வருகிற ஸ்பிரே அது. சாக்லேட் போல ஓர் இனிப்பு வாசம். கண்ணாடி ஏற்றி, ஏ.சி போட்ட காருக்குள் அந்த இனிப்பை 10 நிமிடம் தாங்க முடியாது. மதியத்துக்குள் அப்பாவுக்கே தலைவலி வந்துவிடும். ஆண்களுக்கான சென்ட் என்றாலே தெருமுனை வரை மணக்க வேண்டும் என்று யார்தான் முடிவு செய்தார்களோ!

வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாசம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதனால் வியர்த்த சட்டையின் மேலேயே சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும். முதல் வேலையாக, மதியம் மாற்றிக்கொள்ள ஒரு பருத்திச் சட்டையை வண்டியிலேயே வைக்கச் சொன்னேன்.

அடுத்து, நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள மென்மையான ஒரு வாசனை தேடினேன். கடைகளில் 'ஃபிரெஷ்', 'வுடி' என்று எழுதியிருக்கும் ரகங்கள்தான் இதற்குச் சரி. எலுமிச்சை, ஆரஞ்சு வாசங்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும். மரம், வேர் வாசங்களின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் கலையும். அதனால்தான் சென்ட் தயாரிப்பவர்கள் இரண்டையும் சேர்க்கிறார்கள்.

இந்த ரகங்களில் பல பாட்டில்களின் பின்பக்கம் ஒரே பெயர் இருந்தது. வெட்டிவர். கடைப் பையன் அதை ஏதோ பிரெஞ்சு வார்த்தை மாதிரி உச்சரித்தான். நம்ம வெட்டிவேர்தாங்க அது! தமிழிலிருந்துதான் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்தச் சொல் போயிருக்கிறது. 1957-லேயே பாரிஸின் கார்வென் நிறுவனம் இந்தப் பெயரில் ஆண்களுக்கு சென்ட் விட்டது. 2006-ல் எர்மெஸ் கொண்டுவந்து உலகம் முழுக்க விற்ற 'தேர் தெர்மெஸ்'ஸிலும் ஆரஞ்சு, மிளகோடு வெட்டிவேர் இருக்கிறது. இன்று வெட்டிவேர் எண்ணெய் அதிகம் வருவது ஹைட்டியிலிருந்து. நம் பக்கம் கடலூர் கடலோர மணலில் விளைகிறது. ஒரு வருடத்துக்கு மேல் வளரவிட்டு, மண்ணைத் தோண்டி, வேரைக் கழுவிக் காயவைத்து, பல மணி நேரம் நீராவியில் வடித்தால் கொஞ்சம்போல எண்ணெய் கிடைக்கும்.

வெளிநாட்டு பாட்டில் விலை என் பட்ஜெட்டுக்கு வெகு தூரம். திருவல்லிக்கேணியில் ஒரு அத்தர் கடைக்கு அப்பாவை அழைத்துப்போனேன். "எதுக்கும்மா எனக்கு இதெல்லாம்?" என்று வாசலிலேயே நின்றார். கடைக்காரர் 'கஸ்' அத்தரை அவர் மணிக்கட்டில் லேசாகத் தடவிவிட்டார். கஸ் என்றால் வடக்கே வெட்டிவேர். அப்பா முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏம்மா, இது நம்ம ஆத்தா பானைத் தண்ணியில போடுமே, அதானே?"

எங்கள் ஊரில் கோடை வந்தால் மண்பானைக்குள் ஒரு பிடி வெட்டிவேர் கிடக்கும். தண்ணீரில் மண் வாசமும் புல் வாசமும் இருக்கும். ஆத்தா போய் 9 வருடமாகிறது.

8 மில்லி குப்பி, 350 ரூபாய். பேரம் பேசாமல் அப்பா ஒரு பொருள் வாங்கி நான் பார்த்ததே இல்லை. அன்று என்னைக்கூடப் பணம் கொடுக்கவிடவில்லை.

குளித்துத் துவட்டியதும் மணிக்கட்டில் ஒரு சொட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. அவ்வளவுதான். எண்ணெய் என்பதால் வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை விழும், உடம்பில்தான் தடவ வேண்டும். சிலருக்குத் தோல் அரிக்கலாம், முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஒரு ஸ்டார் இன்னும் ஆப்பில் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வெட்டிவேர் வாங்கிவந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் வண்டியைத் துடைக்கும்போது அதன்மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார்.