புகாருக்கும் ஒரு நேரம் உண்டு

வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் எங்கள் பனமரத்துப்பட்டி டீக்கடைகளில் எல்லோரும் நியாயஸ்தர்கள்தான். எந்தத் தெருவில் தலைக்கு எவ்வளவு, யார் வீட்டுக்குப் பணக் கவர் வரவில்லை என்பதுவரை கணக்கு ஒப்பிப்பார்கள். "அன்னைக்கே ஒரு புகார் கொடுத்திருக்கலாமே" என்றால், "நமக்கெதுக்குங்க அந்த வம்பு" என்று டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

2019 மக்களவைத் தேர்தலின்போது வேலூர் தொகுதியில் ஒரு சிமெண்ட் கிடங்கில் வருமான வரித் துறையினர் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடித்தார்கள். வார்டு வாரியாகக் கட்டி வைத்திருந்த பணம். ஏப்ரலில் நடக்கவேண்டிய தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் நடந்தது. கிடங்கில் இருக்கும்வரை அதிகாரிகள் பிடிக்கலாம். பிரித்துத் தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டால், பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

அவருக்காகவே தேர்தல் ஆணையம் 2018-இல் சி-விஜில் செயலியைக் கொண்டுவந்தது. அந்த இடத்திலேயே படமோ இரண்டு நிமிட வீடியோவோ எடுத்து அனுப்ப வேண்டும். போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தை ஏற்காது. இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். பறக்கும் படை வந்து பார்த்து, 100 நிமிடத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 1950 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பணத்துக்கு மட்டுமல்ல, இரவு 10 மணிக்கு மேல் அலறும் ஒலிபெருக்கிக்கும், கோயிலுக்குள் நடக்கும் பிரச்சாரத்துக்கும் புகார் கொடுக்கலாம்.

வழி இருந்தும் வாய் திறக்காததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. கவரை வாங்கியவர் எப்படிப் பேசுவார்? கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எதிர்க்கட்சிக்காரர் செய்யும்போது மட்டும் படம் எடுத்தால் அது கட்சி வேலை. நம்ம கொடி கட்டிய வண்டி வரும்போதும், நம்ம மாமனே கவரை நீட்டும்போதும் போனை எடுப்பதுதான் நியாயம். முதலில் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள்: "மாமா, இந்த வேலை வேண்டாம், நான் அனுப்பிருவேன்." கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் சொன்னபடி செய்துவிடுங்கள். உறவுக்குள் வந்த மனத்தாங்கல் அடுத்த பொங்கலுக்குள் ஆறிவிடும். விற்ற ஓட்டு கைக்குத் திரும்பத்தான் ஐந்து வருஷம் ஆகும்.