ஐந்து வெள்ளை இதழ்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து லயத்து வீடு ஒன்றின் வாசலில் எப்போதும் மூன்று பிஸ்கட் டின்கள் இருக்கும். மூன்றிலும் ரோஜாச் செடிகள். அம்மா விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படுமுன் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மழை பிடித்துவிட்டால் இலைகளில் கரும்புள்ளி விழும். ஒரு வாரத்தில் செடி மொட்டையாகி நிற்கும். அந்த வீட்டில் வளர்ந்த மகள் ஆசிரியையாகி, பணி ஓய்வும் பெற்று, முதன்முறையாக ஊட்டிக்கு வந்திருந்தார்.

1995இல் திறக்கப்பட்ட ரோஜாப் பூங்கா, எல்க் மலைச் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருது வழங்கியது. கைக்குள் அடங்காத சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்களைப் பார்த்துவிட்டு ஆசிரியை தொட்டபெட்டாவுக்குக் கிளம்பினார். வழியில், சோலைக்காட்டின் ஓரமாக ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார்.

“இதுதாங்கம்மா காட்டு ரோஜா.”

புதர்மேல் கொடியாக ஏறிப் படர்ந்திருந்தது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தே இதழ்கள், நடுவில் மஞ்சள் கேசரங்கள்.

காட்டு ரோஜாவின் தனித்தன்மை அந்த ஐந்தில் இருக்கிறது. தோட்டத்து ரோஜாவின் அடுக்கிதழ்களில் பெரும்பாலானவை, மகரந்தம் தரவேண்டிய கேசரங்கள் இதழாக மாறியவை. பூ பெரிதாகிறது, தேனீக்கு மகரந்தம் குறைகிறது. காட்டு ரோஜாவோ திறந்தே கிடக்கிறது. தேனீ நேராக வந்து இறங்கும். இதழ் உதிர்ந்தபின் சிறு பழம் திரளும். அதைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். ஒட்டுக்கட்டவும் பதியம் போடவும் ஆள் வேண்டியதில்லை. காட்டு இனங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். மாதந்தோறும் பூக்கும் குணம் சீனத்து ரோஜாக்கள் கொடுத்த கொடை.

1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரால், ஆசிரியை பார்த்த இந்த மலைச்செடி ‘ரோசா லெஷனோல்டியானா’ எனப்படுகிறது. ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இது தனி இனமாக இடம்பெற்றது. உலகில் இதன் சொந்த மண் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிதான்.

காட்டு ரோஜாக்கள் வடகோளத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் குளிர்நிலத்தில் வளர்பவை. கெடாவின் ஜெராய் மலையில், 1,217 மீட்டர் உயரம் ஏறித் தேடினாலும் கிடைக்காது. அம்மாவின் செடிகள் ஏன் அப்படித் தவித்தன என்பது ஆசிரியைக்கு அந்தச் சோலை ஓரத்தில்தான் புரிந்தது.

வெப்பநாட்டுக்கு ரோஜாவே இல்லையா? கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் இந்தக் கேள்விக்காகவே பல ஆண்டுகள் உழைத்தார்கள். வங்கத்து ஈரநிலங்களில் வெள்ளத்தையும் தாங்கும் ‘கிளைனோஃபில்லா’, மணிப்பூர் மலைகளின் ‘ஜைகாண்டியா’ ஆகிய காட்டு இனங்களைக் கலந்து, வெயில் தாங்கும் ரோஜாக்களை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். காட்டில் அந்த இனங்கள் அழிந்திருந்தால் இந்த முயற்சிக்கு வழியே இருந்திருக்காது.

ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிட வேண்டாம். சோலை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று அந்த வெள்ளைப் பூக்களைப் பாருங்கள். பறிக்காதீர்கள், பூ நின்றால்தான் பழம், பழம் இருந்தால்தான் அடுத்த செடி.