கே-ஒர்க்கர் மேல் பழி போடாதீர்கள்

எங்கள் தெரு மாலை வகுப்புக்கு ஒரே ஒரு மடிக்கணினிதான். ஆளுக்கு 500 ரூபாய் போட்டு வாங்கிய பழைய இயந்திரம். உபுண்டு நிறுவியிருக்கிறோம். பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அதில்தான்.

ஒருநாள் அதன் விசிறி இரைய ஆரம்பித்தது. எதையும் திறக்காமலேயே அடிப்பக்கம் சுட்டது. மூன்று மணி நேரம் நின்ற பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு தம்பி. பழைய சாமான் விலைக்குன்னா நானே எடுத்துக்கிறேன்" என்றார். உதவித்தொகைக்குக் கடைசி நாள் வர ஆறு நாள்தான் இருந்தது.

விற்க மனம் வரவில்லை. அன்றிரவு டெர்மினலைத் திறந்து 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். சராசரிச் சுமை 1-க்குக் கீழே இறங்கவே இல்லை. லினக்ஸில் வட்டுக்காகக் காத்திருக்கும் வேலையும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் மூன்றாவது வரியையும் பார்க்க வேண்டும். வட்டுக் காத்திருப்பைக் காட்டும் 'டபிள்யூஏ' பூஜ்யம். கெர்னலின் நேரத்தைக் காட்டும் 'எஸ்ஒய்' 50 சதவீதத்தை ஒட்டி நின்றது. அதாவது இரண்டு கோர்களில் ஒன்றைக் கெர்னலே தின்றுகொண்டிருந்தது. பட்டியலின் உச்சியில் 'கே-ஒர்க்கர்' என்று ஒரு பெயர், 90 சதவீதத்துக்கு மேல்.

கோபத்தில் அதைக் 'கில்' செய்தேன். சாகவில்லை. கெர்னல் இழைகளை அப்படி நிறுத்த முடியாது. பிறகுதான் புரிந்தது: கே-ஒர்க்கர் வெறும் வேலையாள். யாரோ ஏவுகிறார்கள், அது செய்கிறது. ஏவுவது யார் என்றுதான் தேட வேண்டும்.

'சிஸ்' அடைவுக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'ஏசிபிஐ', அதற்குள் 'இன்டரப்ட்ஸ்'. மின்சாரம், மூடி, பேட்டரி போன்றவை கெர்னலைக் கூப்பிட்ட எண்ணிக்கை அங்கே இருக்கும். 'எஸ்சிஐ', 'ஜிபிஇ-ஆல்' இரண்டும் கூட்டுத்தொகை, அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவை பூஜ்யமாகவோ சில நூறாகவோ இருக்க, 'ஜிபிஇ 13' மட்டும் பல லட்சம். பத்து விநாடி கழித்துப் பார்த்தால் இன்னும் சில ஆயிரம் கூடியிருந்தது. வன்பொருளின் ஒரு மூலை காரணமில்லாமல் ஓயாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ரூட் உரிமையோடு அந்தக் கோப்பில் 'டிசேபிள்' என்று எழுதினேன். அந்த நொடியே சுமை இறங்கியது. சிறிது நேரத்தில் விசிறியும் அடங்கியது. மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் தானே இயங்கும்படி க்ரானில் சேர்த்தேன்.

தோழர்களே, 13 என்பது எங்கள் இயந்திரத்தின் எண். உங்களுடையது வேறாக இருக்கலாம், எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அணைத்தபின் மூடி, பேட்டரி அளவு, ஒளிர்வுப் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்றும் சோதியுங்கள். எங்களுக்கு ஒளிர்வுப் பொத்தான் போனது. விண்ணப்பங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.